யார் அளந்தது, எப்படி அளந்தது?

நிலத்தில் அதிவேகமாக ஓடும் விலங்கு எது என்று கேட்டால் சிவிங்கிப்புலி என்று பள்ளிப்பிள்ளைகூடச் சொல்லிவிடும். மணிக்கு 110 அல்லது 120 கிலோமீட்டர் என்று எண்ணையும் சேர்த்து ஒப்பிக்கும். விலங்கு சரி, எண்தான் இடிக்கிறது. போட்ஸ்வானாவில் காட்டுச் சிவிங்கிப்புலிகளின் கழுத்தில் கருவி மாட்டி, 367 ஓட்டங்களைப் பதிவுசெய்த ஆய்வு 2013இல் வெளியானது. அதில் கிடைத்த உச்ச வேகம் 93 கிலோமீட்டர். ஒவ்வொரு ஓட்டத்திலும் எட்டிய அதிகபட்ச வேகத்தைச் சராசரி பார்த்தால் 54தான். அந்த விலங்குக்கு இரை சிக்குவது சட்டென்று வேகம் கூட்டுவதிலும், அதைவிடச் சட்டென்று குறைத்துத் திரும்புவதிலும்தான். நாம் மனப்பாடம் செய்த எண்ணில் இது எதுவும் இல்லை. இயற்கையின் சாதனைப் பட்டியலில் முதலிடம் யாருக்கு என்று தேடுகிறோமே தவிர, எப்படி அளந்தார்கள் என்று கேட்பதில்லை. அளந்த விதம் தெரியாதவரை அந்த எண் வெறும் செவிவழிச் செய்திதான்.

கிரீன்லாந்து சுறாவை எடுத்துக்கொள்வோம். முதுகெலும்புள்ள உயிர்களில் அதிக காலம் வாழ்வது அதுதான், வயது 400 என்று 2016இல் செய்தி வந்தது. 512 என்றும் சிலர் எழுதினார்கள். ஆய்வில் இருந்ததோ 392, கூட்டியோ குறைத்தோ 120. அதாவது 272 முதல் 512 வரை எதுவாகவும் இருக்கலாம். ஏன் இத்தனை இடைவெளி? மற்ற மீன்களைப் போல வளையம் எண்ண இந்தச் சுறாவின் உடலில் கெட்டியான பாகம் கிடையாது. ஆகவே ஆய்வாளர்கள் கண்ணுக்குள் போனார்கள். கண்வில்லையின் நடுப்பகுதி சுறா பிறக்கும் முன்பே உருவாகி, பிறகு மாறாமல் கிடக்கும். அதிலுள்ள கதிரியக்கக் கார்பனை அளந்து வயதைக் கணித்தார்கள். 1950கள் முதல் நடந்த அணுகுண்டு சோதனைகளின் தடயம் இளம் சுறாவின் கண்ணில் தெரிந்தது, கணக்குக்குத் துணைபுரிந்தது. தலைப்பில் வந்த 400ஐவிட இந்தக் கண்வில்லைக் கதைதான் சுவையானது. அதைத்தான் நாம் வெட்டி எறிகிறோம்.

வளையம் இருந்தாலும் தொல்லை தீராது. 2006இல் ஐஸ்லாந்து கடலடியிலிருந்து எடுத்த ‘மிங்’ என்ற மட்டிக்கு முதலில் 400 வயதுக்குச் சற்று மேல் என்றார்கள். ஓட்டின் கீல் பகுதியில் வளையங்கள் நெருக்கியடித்துக் கிடந்தன. பிறகு ஓட்டின் வெளிப்புறத்தில் எண்ணியபோது 507 வந்தது. ஒரே மட்டி, ஒரே ஓடு!

இப்படி நுணுக்கம் பேசினால் பிள்ளைகளுக்கு இயற்கைமீது ஆர்வம் வருமா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். வியப்புதான் வாசல், மறுக்கவில்லை. உறுதியான சாதனைகளும் உண்டு: 2022இல் பட்டைவால் மூக்கன் ஒன்று, பிறந்து ஐந்தே மாதம் ஆன குஞ்சு, அலாஸ்காவிலிருந்து டாஸ்மேனியாவரை 13,560 கிலோமீட்டரை 11 நாளில் எங்கும் இறங்காமல் கடந்ததைச் செயற்கைக்கோள் பின்தொடர்ந்தது. அப்போதும், கருவி மாட்டிய பறவைகளின் இடைநில்லா வலசையில் இதுவே அதிக தூரம் என்றுதான் அதற்குப் பொருள்.

272 ஆனால் என்ன, 512 ஆனால் என்ன, முதலிடம் மாறவில்லையே என்பது இன்னொரு வாதம். உண்மை, கணித்த வயது 211 எட்டிய வில்தலைத் திமிங்கிலத்தை 272 வயதுகூட முந்திவிடும். ஆனால் அந்தச் சுறா இனப்பெருக்கத்துக்குத் தயாராக ஏறக்குறைய 150 ஆண்டுகள் ஆகும் என்பதும் அதே கணக்கிலிருந்து வந்ததுதான். வேறு மீனுக்கு விரித்த வலைகளில் இந்தச் சுறாக்களும் சிக்கிச் சாகின்றன. ஆண்டுக்கு எத்தனை செத்தால் இனம் தாங்கும் என்று முடிவெடுக்க வேண்டியவர்களுக்கு, பட்டியலில் உள்ள 400 உதவாது. கூடவோ குறையவோ என்ற அந்த 120தான் வேண்டும்.