வீட்டைக் கொடுத்தவருக்கு உறுதியில் ஒரு வரி

உம்மா மௌத்தானபோது வந்தவர்களெல்லாம் ஒன்றையே சொன்னார்கள்: "நாலு பொம்புளப் புள்ளைகளையும் வீடு வளவோட கரசேத்த மனிசி." உண்மைதான். ஆனால் நாலு வீடு கொடுத்தவருக்குக் கடைசிக் காலத்தில் சொந்தமாக ஓர் அறைகூட இருக்கவில்லை. அதை யாரும் சொல்லவில்லை. எங்கள் ஊர்களில் அது புதினமல்ல.

கல்முனைக் கரையோரத்தில் கலியாணத்தோடு வீடு மகளின் பெயருக்குப் போகும். மாப்பிள்ளை அங்கே வந்து குடியிருப்பார். குடி என்ற வம்சப் பிரிவும் தாய்வழியில்தான் வரும். அயலில் உள்ள தமிழ் ஊர்களிலும் இதே வழக்கம்தான். மணவாழ்வு முறிந்தாலும் பெண் தெருவுக்கு வரமாட்டாள். நாட்டின் பல இடங்களில் பெண்களுக்கு இல்லாத பலம் இது.

அந்தப் பலத்தை உருவாக்கியவர்கள் எங்கள் உம்மாமார். மருதமுனையில் பிறந்த என் உம்மா சின்ன வயதிலிருந்தே தறிக்குத் தார் சுற்றினார். சாரன் நெய்து வந்த கூலியில் கல்லும் மணலும் கொஞ்சங் கொஞ்சமாக வளவுக்கு வந்தன. எனக்கு நிகாஹ் நடந்ததும் பெரிய வீட்டை விட்டுவிட்டுத் தங்கச்சிமாரோடு குசினிப் பக்கம் ஒதுங்கினார். அடுத்தவளுக்கு வீடு எழும்பியபோது, வளவின் மூலையில் கிடுகுக் கொட்டில் ஒன்று போட்டுக்கொண்டார்.

பேரப்பிள்ளைகளுக்கு அவர் மூத்தம்மா. பகலிலேயே பசி தாங்காமல் நோன்பை விட்ட சின்னவனிடம், "இண்டைக்குப் பாதி, நாளைக்குப் பாதி, ரெண்டையும் தச்சா முழு நோன்பு மனே" என்று சொல்லிக் கஞ்சிக் கோப்பையை நீட்டுவார். பிள்ளைகளுக்கு இத்தனை இளக்கம் காட்டியவர், காணி விசயத்தில் மட்டும் அசையமாட்டார்.

2004 டிசம்பர் 26 அன்று வந்த கடல் அம்பாறை மாவட்டத்தில் 10,000க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. நாட்டில் வேறெந்த மாவட்டத்திலும் இவ்வளவு பேர் இறக்கவில்லை. கடைசித் தங்கச்சியின் வீட்டில் அத்திவாரம்தான் மிஞ்சியது. கரையிலிருந்து 200 மீற்றருக்குள் கட்டக்கூடாது என்றார்கள். உதவியாகக் கிடைத்த புது வீட்டின் பத்திரத்தில் குடும்பத் தலைவர் என்று மாப்பிள்ளையின் பெயர் இருந்தது. இந்தக் கரையில் இன்னும் பலருக்கும் அப்படித்தான் நடந்தது. உம்மா அதை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "நாங்க மாப்பிள்ளைக்கா வீடு குடுத்த? மகளுக்கெல்லுவா குடுத்த" என்றார். மருமகன் நல்லவர், குறை அவரிடமில்லை. தலைமுறைகளாகப் பெண்கள் கையில் இருந்த உரிமையை ஒரு படிவம் மாற்றிவிட்டதே என்பதுதான் அவருடைய கோபம்.

அப்படிக் கேட்கத் தெரிந்தவர் தனக்காக மட்டும் எதையும் கேட்கவில்லை. ஒரு தோல் பையில் உடுப்பையும் மருந்தையும் வைத்துக்கொண்டு மகள்மாரின் வீடுகளில் மாறி மாறி இருந்தார். எந்த வீட்டிலும் குறைவில்லாமல் பார்த்தோம். ஆனாலும் ஒரு சுவரில் ஆணி அடிப்பதற்குக்கூட எங்களிடம் கேட்டார்.

இந்தச் சீதன வீடே வேண்டாம், மஹர் கொடுக்க வேண்டிய ஆண் வீடு வாங்கிக்கொள்வது மார்க்கமல்ல என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். மாப்பிள்ளை வீட்டார் வீட்டை விலை பேசுவதை நானும் எதிர்க்கிறேன். மகளுக்கு வீடு கட்டுவதற்காகவே வெளிநாட்டில் வீட்டுவேலைக்குப் போய் உடம்பைக் கெடுத்துக்கொண்ட தாய்மாரை நான் அறிவேன். ஆனால் பேரம் பேசுவதை ஒழிக்கப் போய்ப் பெண்ணின் பெயரிலிருக்கும் உரிமையையும் சேர்த்து ஒழித்துவிட வேண்டாம்.

திருத்த வேண்டியது வேறு. மகளுக்கு நன்கொடை உறுதி எழுதும்போது, கொடுக்கிற தாய்க்கும் தகப்பனுக்கும் சீவிய உரித்தை ஒதுக்கி ஒரு வரி சேர்க்கலாம். நொத்தாரிசுமாருக்கு இது புதிதல்ல. வீடு மகளுடையதாகவே இருக்கும். மௌத்தாகும் வரை அங்கே வாழும் உரிமை பெற்றவர்களுக்கு இருக்கும். அவர்களை மீறி வீட்டை விற்று வெளியேற்ற முடியாது. கலியாணப் பேச்சிலேயே இதைச் சொல்லிவிட்டால் பின்னால் மனக்கசப்பும் வராது.

மகளிடம் உரிமை கேட்பது வெட்கம் என்று நினைக்கிற தலைமுறை அது. உம்மாமார் வாய் திறக்கமாட்டார்கள். ஆகவே அந்த வரியை எழுதச் சொல்ல வேண்டியவள் வீட்டை வாங்கிக்கொள்ளும் மகள்தான்.