யார் உடம்பில் யாருக்குப் பயிற்சி?

அமெரிக்காவில் பள்ளிப் படிப்பு முடித்தவுடன் டாக்டருக்குப் படிக்கப் போவது அபூர்வம். முதலில் நான்கு ஆண்டுப் பட்டம், பிறகு எம்கேட் என்ற நுழைவுத் தேர்வு. அதோடு, நோயாளிகளுடன் பழகிய அனுபவம் உண்டா என்றும் கல்லூரிகள் பார்க்கின்றன. மதிப்பெண்ணை மட்டும் பார்க்காமல் ஆளையும் பார்க்கிறார்களே, நல்லதுதானே என்று நமக்குத் தோன்றும்.

ஆனால் அந்த அனுபவமும் விலைக்கு வந்துவிட்டது. கட்டணம் வாங்கிக்கொண்டு, ஆப்பிரிக்க, தென் அமெரிக்க, ஆசிய நாட்டு மருத்துவமனைகளுக்கு மாணவர்களைச் சில வாரங்கள் அனுப்பி வைக்க நிறுவனங்கள் இருக்கின்றன. விமானச் செலவு தனி. விடுமுறையிலும் கடையில் வேலை பார்த்துப் படிக்கும் கறுப்பின மாணவர் இதற்கு எங்கே போவார்? இங்கே நீட் பயிற்சி மையம் செய்கிற வேலையை அங்கே இந்தப் பயணம் செய்கிறது. பிளஸ் டூவில் 1176 மதிப்பெண் எடுத்தும் 2017-இல் இடம் கிடைக்காமல் உயிரை விட்ட குழுமூர் அனிதாவை மறக்காத நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இதைவிடக் கொடுமை மறுபக்கத்தில் இருக்கிறது. மருத்துவம் ஒரு நாள்கூடப் படிக்காதவர்கள் ஏழை நாடுகளில் தையல் போட்டிருக்கிறார்கள், பிரசவம் பார்த்திருக்கிறார்கள். சொந்த ஊரில் செய்தால் போலீஸ் வரும். அதனால்தான் அமெரிக்க மருத்துவக் கல்லூரிகள் சங்கம் 2011-இல் நெறிமுறை வெளியிட்டு, தகுதிக்கு மீறிய சிகிச்சையில் கை வைக்காதீர்கள், அது உங்கள் விண்ணப்பத்தையே கெடுக்கலாம் என்று மாணவர்களை எச்சரித்தது. அந்த நாட்டுக்கு இது புதிதல்ல. 1840-களில் அலபாமாவில் மரியன் சிம்ஸ் என்ற மருத்துவர் அடிமைப் பெண்களை மயக்க மருந்தில்லாமல் திரும்பத் திரும்ப அறுத்துத்தான் தன் அறுவை முறையைக் கண்டறிந்தார்.

நம் அரசு மருத்துவமனைக் கட்டில்களில் கிடப்பவர்களில் பெரும்பாலோர் கூலி வேலை செய்யும் சனங்கள். பேராசிரியர் பக்கத்தில் இருக்க, மருத்துவ மாணவர்கள் அங்கே கற்பதை நாம் எதிர்க்கவில்லை. நம் பிள்ளைகளும் அப்படித்தான் டாக்டராகிறார்கள். கேட்டுத் தொட வேண்டும், அவ்வளவுதான். தேசிய மனித உரிமைகள் ஆணையம் 2018-இல் தயாரித்த நோயாளி உரிமைப் பட்டியலிலும் சம்மதம் கேட்பது இருக்கிறது. பதிவு பெறாமல் மருத்துவம் பார்த்தால் 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஓராண்டு வரை சிறை, 5 லட்சம் ரூபாய் வரை அபராதம்.

மாணவர்களுக்கு ஒன்று: வெளிநாட்டு மருத்துவமனைச் சான்றிதழுக்கு இங்கே எம்பிபிஎஸ் சேர்க்கையில் ஒரு மதிப்பெண்கூடக் கிடையாது. நீட் தரவரிசையும் இடஒதுக்கீடும்தான் கணக்கு. அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்தவர்களுக்கு 2020 முதல் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு. பெரியாஸ்பத்திரி வராந்தாவில் ஆத்தாவுக்குத் துணையாக ராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்த பிள்ளையின் அனுபவத்துக்கு அங்கேயும் மவுசில்லை, இங்கேயும் மதிப்பெண் இல்லை. ஆனால் அந்தப் பிள்ளை, ஊசியோடு வருகிறவரிடம் "நீங்க டாக்டருங்களா, படிக்கிறவங்களா?" என்று கேட்கலாம். பதில் சொல்ல அவர் கடமைப்பட்டவர்.