துடைப்பம் பிடித்த பையன் இன்று உள்ளே நுழைய முடியுமா?

1907ஆம் ஆண்டு. நியூயார்க் நகரில் ஒரு பையன் வேலை தேடி அலைந்தான். பள்ளிப் படிப்பைக்கூட அவன் முடிக்கவில்லை. கோல்டுமன் சாக்ஸ் என்ற கம்பெனியில் எடுபிடி வேலை கிடைத்தது. முதலாளிமாரின் தொப்பியையும் பாதரட்சையையும் துடைத்து வைக்க வேண்டும். அவ்வளவுதான் உத்தியோகம்!

முதலாளிகளில் ஒருவரான பால் சாக்ஸ், பையனின் சுறுசுறுப்பைக் கவனித்தார். தபால் அறைக்கு மாற்றினார். கையெழுத்துத் திருந்தட்டும் என்று வணிகப் பள்ளிக்கும் அனுப்பினார். அந்தப் பையன், சிட்னி வெயின்பெர்க், 1930ல் அதே கம்பெனியின் தலைவர் ஆனார். 1956ல் போர்டு மோட்டார் கம்பெனியின் பங்குகள் முதன்முதலாகப் பொதுமக்களுக்கு விற்கப்பட்டபோது, போர்டு குடும்பத்துக்கு யோசனை சொன்னவர் அவர்தான்.

இன்று அந்தப் பையன் போனால் வாசலைத் தாண்டுவானா? தாண்ட மாட்டான் என்பது என் கட்சி.

முதலீட்டு பாங்கு என்றால் நாம் பணம் போட்டு எடுக்கும் பாங்கு அல்ல. ஒரு கம்பெனிக்கு மூலதனம் வேண்டும். பங்கு வெளியிட வேண்டும். அல்லது ஒரு கம்பெனி இன்னொன்றை விலைக்கு வாங்க வேண்டும். என்ன விலை? யாரிடம் பணம் திரட்டுவது? சட்டம் என்ன சொல்கிறது? இவற்றைக் கணக்குப் போட்டுச் சொல்லிக் கூலி வாங்குவதே இந்தத் தொழில். சம்பளம் அதிகம். தூக்கம் குறைவு.

இதற்கு என்ன தெரிய வேண்டும்? ஐந்தொகையைப் பார்த்த மாத்திரத்தில் கம்பெனியின் நோய் நொடி தெரிய வேண்டும். கம்பெனிச் சட்டமும் வரிச் சட்டமும் தெரிய வேண்டும். பிழையில்லாமல் எழுத வேண்டும். நம் நாட்டில் 1992ல் பங்குச் சந்தை வாரியமான ‘செபி’ இத்தொழிலுக்கு விதிகள் போட்டது. நிதி, சட்டம், நிர்வாகம் ஆகியவற்றில் அங்கீகாரம் பெற்ற படிப்பு வேண்டும் என்றுதான் அதில் கண்டது. இன்ன கல்லூரியில் படித்திருக்க வேண்டும் என்று சொல்லவில்லை.

ஆனால் கம்பெனிகள் சொல்கின்றன! வாயால் அல்ல, செய்கையால்.

எனக்குத் தெரிந்த ஒரு பெண், விருதுநகர்ப் பக்கம். தகப்பனார் மளிகைக் கடையில் கணக்கு எழுதுகிறவர். அந்தப் பெண் ஆடிட்டர் படிப்பில் தேறியவள். அது லேசான பரீட்சையா? பம்பாய்ப் பையனுக்கும் அருப்புக்கோட்டைப் பெண்ணுக்கும் ஒரே கேள்வித்தாள், சிபாரிசு செல்லாது. அவள் இத்தகைய கம்பெனிகள் சிலவற்றுக்கு மனுப் போட்டாள். ஒரே ஒரு இடத்திலிருந்து டெலிபோன் வந்தது. முதல் கேள்வி, “பி.காம். எந்தக் கல்லூரி?” சொன்னாள். இரண்டாவது கேள்வி வரவே இல்லை.

இது நம் ஊர் வழக்கம் மட்டும் அல்ல. அமெரிக்கப் பேராசிரியை லாரன் ரிவெரா இதை ஆராய்ந்து 2015ல் ஒரு புத்தகமே வெளியிட்டார். பெரிய கம்பெனிகள் கல்லூரிகளுக்கு ஒரு பட்டியல் வைத்திருக்கின்றன. பட்டியலில் இல்லாத கல்லூரி மாணவனின் மனு பெரும்பாலும் படிக்கப்படுவதே இல்லை. பிறகு என்ன விளையாட்டு விளையாடினாய், எங்கே சுற்றுலா போனாய் என்றெல்லாம் பார்க்கிறார்கள். கோடை விடுமுறையில் கடையில் பொட்டலம் மடித்தவன் என்ன பதில் சொல்வான்?

பட்டியலில் உள்ள கல்லூரியில் சேர்ந்தால் போயிற்று என்பீர்கள். நம் பெரிய நிர்வாகக் கல்லூரிகளில் இரண்டு வருஷப் படிப்புக்கு 20 லட்சத்துக்கு மேல் ஆகிறது. பாங்குக் கடன் கிடைக்கும், உண்மை. ஆனால் கடன் என்ற சொல்லைக் கேட்டே பின்வாங்கும் குடும்பங்கள் எத்தனை!

மாற்ற முடியாதா? முடியும். 2016ல் அதே கோல்டுமன் சாக்ஸ், கல்லூரிகளுக்கே போய் முதல் சுற்றுப் பேட்டி நடத்தும் வழக்கத்தை விட்டு, வீடியோ மூலம் பேட்டி காண்பதாக அறிவித்தது. மற்றக் கல்லூரி மாணவர்களையும் பார்க்கலாமே என்பதற்காக. (காமிரா முன் பேசக் கூச்சப்படுகிறவன் கதி என்ன என்பது வேறு விஷயம்.) நம் நாட்டுக் கம்பெனிகள் இன்னும் ஒரு படி மேலே போகட்டும். பெயரையும் கல்லூரியையும் மறைத்து ஓர் எழுத்துப் பரீட்சை வையுங்கள். ஒரு கம்பெனியின் மூன்று வருஷக் கணக்கைக் கொடுத்து, விலை என்ன என்று கேளுங்கள். யாருக்குச் சரக்கு இருக்கிறது என்பது ஒரே நாளில் தெரிந்து போகும்.

அதுவரை பெற்றோர்களுக்கு ஒன்று சொல்வேன். “ஆறே மாதத்தில் முதலீட்டு பாங்கர்” என்று விளம்பரம் பார்த்ததும் நகையை அடகு வைக்கப் புறப்படாதீர்கள். சி.எப்.ஏ. என்ற பட்டத்துக்குக்கூட மூன்று கட்டப் பரீட்சை உண்டு. தேறினால் அறிவு வரும், மதிப்பும் வரும். வேலை தானாக வராது. போன வருஷம் உங்களிடம் படித்தவர்கள் எந்தக் கம்பெனியில், என்ன வேலையில், என்ன சம்பளத்தில் சேர்ந்தார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். கொடுக்கத் தயங்கினால் அடுத்த பஸ்ஸில் ஊர் திரும்புங்கள்.