துவக்குக்குப் பதில் மண்வெட்டி

ஆபிரிக்காவிலுள்ள மொசாம்பிக் நாட்டின் தேசியக் கொடியில் ஒரு மண்வெட்டியும் ஒரு ஏ.கே. 47 துவக்கும் குறுக்காக வைக்கப்பட்டிருக்கின்றன. கொடியில் இரண்டும் சேர்ந்திருக்கலாம்; கமக்காரனின் கையில் இரண்டும் சேர்ந்திருக்க முடியாது என்பதை அந்நாட்டு மக்கள் பெருந்துயரப்பட்டே அறிந்து கொண்டார்கள். 1975இல் போர்த்துக்கேயரிடமிருந்து விடுதலை பெற்ற நாடு, சொற்ப காலத்திலேயே உள்நாட்டுப் போரில் வீழ்ந்தது. போரினாலும் பஞ்சத்தினாலும் சுமார் 10 இலட்சம் பேர் மாண்டனர். அயல்நாடான மலாவிக்கு மட்டும் 10 இலட்சம் பேரளவில் ஓடிப்போயினர். அவர்களிற் பெரும்பாலானோர் எம்மைப் போலவே வயலையும் தோட்டத்தையும் நம்பி வாழ்ந்தவர்கள்.

1992 ஒக்ரோபர் 4ஆம் திகதி உரோமையில் சமாதான உடன்படிக்கை கைச்சாத்தானது. சந்த் எஜிதியோ என்னும் கத்தோலிக்கப் பொதுநிலையினர் சமூகமும், பெய்ரா பேராயர் ஜெய்மே கொன்சால்வெசும் அதற்கு நடுநின்றனர். ஆயினும் துவக்குகள் வீடுகளிலும் பற்றைகளிலும் மண்ணுக்கடியிலும் கிடந்தன. 1995இல் மொசாம்பிக் கிறிஸ்தவ மன்றம், அங்கிலிக்கன் ஆயர் டினிஸ் செங்குலானேயின் முன்முயற்சியில் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. துவக்கைக் கொண்டுவந்து கொடுப்பவருக்கு மண்வெட்டி, தையல் இயந்திரம், துவிச்சக்கரவண்டி, வீடு கட்டும் பொருட்கள் முதலியன கொடுக்கப்பட்டன. ஓர் ஊரார் கூட்டாக ஆயுதங்களை ஒப்படைத்து உழவு இயந்திரம் ஒன்றையே பெற்றுக்கொண்டார்கள். இறைவாக்கினர் எசாயா கண்ட காட்சியை ஞாயிறு மறையுரையோடு விட்டுவிடாமல், களஞ்சிய அறைக்குக் கொண்டுவந்த வேலை இது.

வாங்கிய துவக்குகளை வெட்டித் துண்டாக்கினார்கள். அந்தத் துண்டுகள் தலைநகர் மபூட்டோவிலுள்ள ஓவியர், சிற்பிகளின் கைக்குப் போயின. அவர்கள் அவற்றை ஒட்டிப் பறவைகள், மிருகங்கள், வாத்தியம் வாசிக்கும் மனிதர்கள், கதிரைகள் எனச் செய்து காட்சிக்கு வைத்தார்கள். கெஸ்டர் என்பவர் 2001இல் செய்த சிம்மாசனம் இன்று இலண்டனிலுள்ள பிரித்தானிய அரும்பொருட்சாலையில் இருக்கின்றது. அவருடைய உறவினர் இருவர் போரினால் கால் இழந்தவர்கள். கதிரையின் முதுகிலுள்ள துவக்குப் பிடிகளிலே, ஆணித்துவாரமும் வார் மாட்டும் இடமும் கண்ணும் வாயுமாகி, சிரிக்கும் முகம் போலத் தெரிகின்றன. அதை அவர் செதுக்கவில்லை, துவக்கிலேயே இருந்தது. 2005இல் நான்கு கலைஞர்கள் சேர்ந்து செய்த வாழ்வின் மரமும் அங்கே வைக்கப்பட்டது. அரைத் தொன் எடையுள்ள அம்மரத்தின் இலையும் கிளையும் துவக்குகளே.

சோற்றுக்கு வழியில்லாதவனுக்குச் சிற்பம் எதற்கு என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் மொசாம்பிக்கில் நடந்த ஒழுங்கைக் கவனியுங்கள். முதலில் மண்வெட்டி வந்தது, பின்புதான் சிற்பம் வந்தது. பயந்து பயந்து ஒளித்து வைத்திருந்த ஒன்றை வெளியே கொண்டுவந்து, எல்லோர் முன்னும் வெட்டுப்படுவதைக் கண்டு, பின்பு அது வேறொன்றாக நிற்பதையும் பார்க்கும்போது ஒரு மனிதனின் நெஞ்சில் ஏதோ இளகுகின்றது. இது என் எண்ணம். வயிறு காயும்போது இது நடக்காது. காணி திரும்பக் கிடைக்காத மக்களைக் கண்காட்சிக்கு அழைத்து, ஆற்றுப்படுத்தல் என்று பெயர் சூட்டுவதை நான் ஏற்கமாட்டேன். எமது நாட்டிலும் 2009இன் பின் இத்தகைய நிகழ்ச்சிகள் சில நடந்தன. படம் பிடித்துக்கொண்டு போனவர்கள் காணிப் பிரச்சினையைக் கேட்கவில்லை.

கலை எல்லாவற்றையும் தீர்த்துவிட்டது என்றும் சொல்லக்கூடாது. 2013இல் மொசாம்பிக்கின் பழைய எதிரிகள் மீண்டும் மோதினார்கள். 2019இல் இன்னொரு உடன்படிக்கை செய்யவேண்டி வந்தது. வடக்கே காபோ டெல்காடோவில் 2017இல் வேறொரு வன்முறை வெடித்து, பல இலட்சம் பேரை இடம்பெயர்த்தது. துவக்குகளைச் செய்து அனுப்பிய நாடுகளின் கணக்கு வேறு. அவற்றை யாரும் மண்வெட்டிக்கு மாற்றவில்லை.

எமது இடங்களில் கொடுப்பதற்குத் துவக்கு யாரிடமும் இல்லை. ஆனால் வேறு பொருட்கள் உண்டு. பதுங்குகுழிக்கு மூடியாய்க் கிடந்த தண்டவாளத் துண்டு, வீடே இல்லாமற் போனபின்னும் மடியிற் காத்த திறப்பு, நனைந்து உலர்ந்த காணி உறுதி, பிடி எரிந்த மண்வெட்டி. இவற்றைப் பங்கு மண்டபத்தில் வைத்து, உரியவர்களே பக்கத்தில் நின்று சொல்லட்டும். விருந்தினர் பேச்சு வேண்டாம், நாடா வெட்டலும் வேண்டாம். காணி விடயமான விண்ணப்பங்களை எழுதித் தர ஒருவர் மேசை போட்டு இருந்தால் போதும்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்லவேண்டும். இதை வாசித்துவிட்டுப் பற்றைக்குள்ளும் வரம்போரத்திலும் கிடக்கும் பழைய இரும்பைப் பொறுக்கப் போகாதீர்கள், பிள்ளைகளையும் அனுப்பாதீர்கள். வெடிக்காத எறிகணையும் மிதிவெடியும் துருப்பிடித்த இரும்பு போலவே கிடக்கும். சந்தேகமான எதையும் கண்டால் தொடாமல், இடத்தை அடையாளம் வைத்து, கிராம சேவையாளரிடமோ மிதிவெடி அகற்றும் பிரிவினரிடமோ சொல்லுங்கள்.