ஒரகடம் போகிறவர் முதலில் லாச்சப்பலுக்கு வரட்டும்

பிரெஞ்சுக் கார் நிறுவனமான ரெனோவின் ஜெரார் தெதூர்பே சென்னைக்குக் குடிபெயர்ந்தபோது அவருக்கு வயது அறுபதைத் தாண்டியிருந்தது. லோகன், டஸ்டர் என்று குறைந்த விலைக் கார்களின் வரிசையையே முன்னின்று நடத்தியவர். ஓய்வெடுக்கிறேன் என்றிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவரோ 2012-ஐ ஒட்டிச் சென்னைக்குப் போய், நிசானும் பங்குகொண்ட ஒரு புதிய கார்த் திட்டத்துக்குத் தலைமையேற்றார். அதன் விளைவுதான் சென்னையை அடுத்த ஒரகடம் ஆலையில் உருவான க்விட் கார். 2015 மே 20 அன்று சென்னையில் அறிமுகமாகி, அதே ஆண்டு செப்டம்பரில் 2.57 லட்சம் ரூபாய் தொடக்க விலையில் விற்பனைக்கு வந்தது. பாகங்களில் 98 சதவீதம் இந்தியாவில் வாங்கியவை என்று நிறுவனம் அறிவித்தது.

ஆசியாவுக்கு மேலாளர்களைத் தேர்ந்தெடுத்து அனுப்புகிறவர்களும் அவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறவர்களும் இந்தக் காரைச் சற்றுக் குனிந்து பார்க்க வேண்டும். சக்கரத்தில் மூன்றே நட்டுகள். முன்கண்ணாடிக்கு ஒரே வைப்பர். ஒரு நட்டைக் குறைப்பது கேட்பதற்கு எளிது. ஆனால் வலிமைக் கணக்குப் போடும் பொறியாளர், விலை பேசும் கொள்முதல்காரர், பாகம் செய்து தரும் பட்டறைக்காரர் மூவரும் அதற்கு ஒத்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு கேள்வியையும் பாரிஸுக்கு அருகே கியான்கூரில் உள்ள தொழில்நுட்ப மையத்துக்கு அனுப்பி, ஐரோப்பிய அளவுகோலோடு ஒப்பிட்டுப் பதில் வரும்வரை காத்திருந்தால் அந்த விலைக்குக் கார் வந்திருக்காது. வடிவமைப்பையும் விலையையும் ஒரே மேசையில், சென்னையிலேயே முடிவுசெய்யும் அதிகாரம் தெதூர்பேயிடம் இருந்தது. கிறிஸ்தோஃப் மிட்லேர் உள்ளிட்ட பிரெஞ்சு மேலாண்மை ஆய்வாளர்கள் 2017-இல் இத்திட்டத்தைப் பற்றித் தனி நூலே வெளியிட்டார்கள். தெதூர்பே 2019 டிசம்பரில் காலமானார்.

குறையையும் சொல்லியாக வேண்டும். 2016 மே மாதம் கார்ப் பாதுகாப்பை மதிப்பிடும் குளோபல் என்கேப் அமைப்பு நடத்திய மோதல் சோதனையில், பெரியவர்களின் பாதுகாப்புக்கு க்விட் ஒரு நட்சத்திரம்கூடப் பெறவில்லை. எங்கே செலவைக் குறைக்கலாம், எங்கே கைவைக்கவே கூடாது என்ற பொறுப்பும் அந்த அதிகாரத்தோடு சேர்ந்தே வருகிறது.

நடைமுறையில் பெரும்பாலான மேலாளர்களுக்கு இந்த அதிகாரமும் கிடைப்பதில்லை, காலமும் கிடைப்பதில்லை. மூன்று ஆண்டு ஒப்பந்தத்தில் முதல் ஆண்டு வீடு, விசா, பிள்ளைகளின் பள்ளி என்று கழிகிறது. மூன்றாவது ஆண்டில் ஊர் திரும்பியதும் எந்தப் பதவி என்ற கவலை வந்துவிடுகிறது. சட்டம் இப்படிக் கட்டிப்போடவில்லை. 2011 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள இந்திய–பிரெஞ்சு சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தப்படி, அனுப்பப்படும் ஊழியர் 60 மாதம்வரை சொந்த நாட்டுத் திட்டத்திலேயே நீடிக்கலாம். மூன்று ஆண்டு என்பது மேலாளர்களை அனுப்பும் நம் துறை தானே வைத்துக்கொண்ட பழக்கம். சிங்கப்பூரில் இருந்துகொண்டு மாதம் இருமுறை பறந்து வரும் வட்டார மேலாளரின் நிலை இதைவிட மோசம். விமான நிலையம், ஹோட்டல், ஆலையின் கூட்ட அறை, மறுபடி விமான நிலையம். அந்த அறையில் திரையில் காட்டுவது மட்டும்தான் அவருக்குத் தெரிந்த ஆசியா.

ஆலை நிற்கும் மண்ணின் கதை அந்தத் திரையில் வராது. திருவள்ளூர் மாவட்டம் தேர்வாய்கண்டிகையில் மிஷ்லின் டயர் ஆலைக்காகத் தமிழ்நாடு அரசின் சிப்காட் நிறுவனம் கொடுத்த இடத்தை, கிராமத்தார் தங்கள் மேய்ச்சல் நிலம் என்றும் காடு என்றும் சொல்லிப் போராடினார்கள். 2012 ஜூலையில் அவர்களுடைய சங்கமும், சேஜேதே தொழிற்சங்கம் உள்ளிட்ட பிரெஞ்சு அமைப்புகளும் ஓஇசிடி அமைப்பு பன்னாட்டு நிறுவனங்களுக்கு வகுத்த நெறிமுறைகளைக் கவனிக்கும் பிரெஞ்சு தேசியத் தொடர்பு மையத்தில் புகார் கொடுத்தார்கள். மாடு மேய்க்கும் இடத்தைப் பற்றிய பேச்சு பாரிஸில் ஓர் அரசு மேசைக்கு வந்து சேர்ந்தது. அங்கே வேலைக்குப் போகும் மேலாளருக்கு, கையில் விமானச் சீட்டைக் கொடுக்கும் முன்பே இதைச் சொல்ல வேண்டாமா?

வெளிநாட்டு மேலாளர்கள் எழுதிய ஆசிய நினைவுக் குறிப்புகளுக்குப் பஞ்சமில்லை. அவர்களோடு வேலை பார்த்த உள்ளூர்க்காரர் எழுதியது அரிது. தமிழில் அப்படி ஒன்று இருக்கிறது. புதுச்சேரியில் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்ஸுக்குத் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராகவும் வணிக இடைத்தரகராகவும் இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதிய நாட்குறிப்பு. துரையின் கோபம், வரவு செலவு, சரக்கு, சாதிச் சண்டை, அரண்மனைச் சூழ்ச்சி எல்லாம் அதில் பதிவாகியிருக்கின்றன. துய்ப்ளேக்ஸ் 1754-இல் ஊர் திரும்பிவிட்டார், பிள்ளை எழுதிக்கொண்டே இருந்தார். பயிற்சி வகுப்பில் கைகூப்பி வணக்கம் சொல்லப் பழக்கும் நேரத்தில் இந்த நாட்குறிப்பின் ஒரு வாரப் பகுதியைப் படிக்கக் கொடுத்தால், தன் அறைக்கு வெளியே தன்னைப் பற்றி என்ன பேச்சு நடக்கிறது என்று யோசிக்க மேலாளர் கற்றுக்கொள்வார்.

அந்தப் பார்வையைத் தரக்கூடிய ஆட்கள் பாரிஸிலேயே இருக்கிறார்கள். கார் து நோர் ரயில் நிலையத்திலிருந்து அவர்களுடைய லாச்சப்பல் பகுதிக்கு நடந்தே போய்விடலாம். எண்பதுகளில் ஈழத்திலிருந்து வந்தவர்கள் அங்கே கடையும் அச்சகமும் உணவகமும் திறந்தார்கள். 1985-இல் மாணிக்க விநாயகர் ஆலயம் எழுந்தது. கோடை முடிவில் அதன் தேர் வீதி வலம் வருகிறது. உணவக அடுக்களையில் பிரெஞ்சு முதலாளியிடம் வேலை பழகியவர்களும், அவர்களுடைய பிள்ளைகளாக இங்கேயே படித்துப் பொறியாளராகவும் கணக்காளராகவும் ஆனவர்களும் இரண்டு பக்கத்து வேலை முறையையும் உள்ளிருந்து அறிந்தவர்கள். இவர்களில் பெரும்பாலோர் யாழ்ப்பாணப் பக்கத்தவர்கள், சென்னைக்காரர்கள் அல்லர். அந்த வேறுபாட்டை மறைத்து, தமிழர் என்றால் எல்லாரும் ஒன்றுதானே என்று வகுப்பெடுத்தால் அது இன்னொரு தவறான பாடம். புதுச்சேரியிலிருந்து வந்த பிரெஞ்சுக் குடியுரிமைக் குடும்பங்களையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

ஒரு வேளைச் சாப்பாடும் நன்றிக் கடிதமும் போதும் என்று இவர்களை அழைக்கக் கூடாது. மற்ற பயிற்சியாளர்களுக்குக் கொடுக்கும் அதே மணிக் கட்டணத்தை இவர்களுக்கும் கொடுத்து, பயிற்சித் திட்டத்தை வகுக்கும்போதே உடன் உட்கார வைக்க வேண்டும். மேலாளர் போய் ஆறு மாதம் கழித்து, அவருக்குக் கீழே வேலை பார்க்கும் ஒரகடத்துப் பொறியாளர்களிடம் தனியாகப் பேசிக் கேட்கும் பொறுப்பையும் ஒப்பந்தத்திலேயே எழுதிவிடலாம்.