தோட்டத்துக்கு வந்த விருந்தாளிகள் 2,673!

இங்கிலாந்தில் லெஸ்டர் என்று ஒரு நகரம் உண்டு. அங்கே வீடுகள் நெருங்கிய ஒரு பகுதி. அதில் ஒரு வீடு. வீட்டைச் சுற்றிக் கொஞ்சம் புல்தரை, பூச்செடிகள், காய்கறிப் பாத்தி, சில பழ மரங்கள். மாளிகைத் தோட்டம் அல்ல. பரப்பு 741 சதுர மீட்டர்தான். சென்னைக் கணக்கில் சொன்னால் மூன்று கிரவுண்டுக்குச் சற்று அதிகம்.

இந்த இடத்தில் எத்தனை வகை உயிர்கள் இருக்கும்? யாரைக் கேட்டாலும் ஐம்பது என்பார்கள். மிஞ்சிப் போனால் இருநூறு என்பார்கள்.

அந்த வீட்டு அம்மாள் எண்ணிப் பார்த்தார். 2,673 வகைகள் இருந்தன!

அவர் பெயர் ஜெனிபர் ஓவன். விலங்கியல் படித்த டாக்டர். ஆப்பிரிக்காவில் உகாண்டா, சியரா லியோன் ஆகிய நாடுகளில் வாழ்ந்துவிட்டு வந்தவர். யானையும் சிங்கமும் உலவும் கண்டத்தைப் பார்த்தவருக்கு, தன் வீட்டு முருங்கை... இல்லை, அங்கே முருங்கை ஏது? தன் வீட்டு ஆப்பிள் மரத்தடியே போதுமான காடாகத் தெரிந்தது!

1972-ம் ஆண்டு கணக்கு எழுதத் தொடங்கினார். 2001 வரை, முப்பது ஆண்டுகள் விடவில்லை. இரவில் விளக்கு வைத்து விட்டில் பூச்சிகளை வரவழைத்தார். தோட்டத்தில் கூடாரம் போன்ற ஒரு வலையைக் கட்டினார். பறந்து வரும் பூச்சி வலையில் முட்டிக்கொண்டு மேலே ஏறும். உச்சியில் இருக்கும் புட்டிக்குள் போய்ச் சேரும். அது என்ன வகை என்று பார்த்து எழுதிக்கொள்வார்.

செடி கொடிகள் 474. பூச்சிகள் 1,997. சிலந்தி, நத்தை முதலிய முதுகெலும்பு இல்லாத மற்ற பிராணிகள் 138. பறவை, தவளை, அணில் போன்ற முதுகெலும்பு உள்ளவை 64. நாம் வழக்கமாக "பிராணி" என்று நினைப்பவை இந்தக் கடைசி 64-தான். மற்றவற்றைக் கண்டால் செருப்பைத் தேடுகிறோம், அல்லது மருந்து டப்பாவைத் தேடுகிறோம்.

ஓவன் அம்மாள் பூச்சி மருந்து அடிக்கவில்லை. தோட்டத்தைப் புதர் மண்ட விட்டுவிடவும் இல்லை. பூவும் பறித்தார், காயும் பறித்தார்.

இடையில் அவரை நரம்பு நோய் பிடித்தது. நடப்பதே கஷ்டமாகிவிட்டது. அப்படியும் கணக்கு நிற்கவில்லை. முப்பது ஆண்டுக் கணக்கும் 2010-ல் புத்தகமாக வந்தது. 2014-ல் அவர் காலமானார்.

பிள்ளைகள் எடுத்த கணக்கு

"அவர் படித்தவர். நமக்கு எப்படி முடியும்?" என்று கேட்கலாம். அதற்கும் அதே நாட்டிலேயே பதில் இருக்கிறது.

அங்குள்ள ராயல் பறவைப் பாதுகாப்புச் சங்கம் 1979-ல் பிள்ளைகளுக்காக ஒரு விளையாட்டை ஆரம்பித்தது. ஜனவரிக் கடைசியில் ஒரு மணி நேரம் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, தோட்டத்துக்கு வரும் பறவைகளை எண்ண வேண்டும். பி.பி.சி. டெலிவிஷனில் செய்தி வந்ததும் ஆயிரக்கணக்கில் தாள்கள் வந்து குவிந்தன! 2001-ல் பெரியவர்களையும் சேர்த்துக்கொண்டார்கள். இப்போது ஆண்டுதோறும் ஐந்து லட்சம் பேருக்கு மேல் எண்ணுகிறார்கள்.

எண்ணுவதில் ஒரு சூட்சுமம் உண்டு. நாலு குருவிகள் வருகின்றன. போய்விடுகின்றன. பிறகு மூன்று வருகின்றன. ஏழு என்று எழுதக் கூடாது. வந்த குருவியே திரும்பி வந்திருக்கலாம் அல்லவா? ஒரே சமயத்தில் கண்ட அதிக எண்ணிக்கை நாலு. அதைத்தான் எழுத வேண்டும். ஒன்றுமே வராவிட்டால், வரவில்லை என்று எழுத வேண்டும். கணக்கில் அதற்கும் மதிப்பு உண்டு.

இந்த விளையாட்டு எதைக் காட்டியது தெரியுமா? 1979-ல் தோட்டங்களில் கண்ட சிட்டுக்குருவிகளில் பாதிகூட இன்று இல்லை! மைனாவுக்கு உறவான ஸ்டார்லிங் பறவையின் கதி அதைவிட மோசம். 2002-ல் சிட்டுக்குருவியை அந்நாட்டின் ஆபத்துப் பட்டியலில் சேர்த்தார்கள்.

ஒரே நாளில் ஆயிரம் குருவி செத்து விழுந்தால் ஊரே திரண்டு பார்க்கும். ஆண்டுக்கு ஒன்றிரண்டாகக் குறைந்தால் யார் கண்ணிலும் படாது. பக்கத்து வீட்டில் இருக்கும் என்று இவர் நினைப்பார். இவர் வீட்டில் இருக்கும் என்று பக்கத்து வீட்டுக்காரர் நினைப்பார். எழுதி வைத்ததால்தான் குட்டு வெளிப்பட்டது. ஆகவே இதை வேலையற்றவர்களின் பொழுதுபோக்கு என்று ஒதுக்குவது சரியல்ல.

தீனியால் வந்த வினை

எண்ணுவதோடு நிற்காமல் உதவி செய்யவும் மக்கள் முன்வந்தார்கள். ஆனால் உதவியிலும் ஜாக்கிரதை வேண்டும். கிரீன்ஃபின்ச் என்ற பசுமஞ்சள் குருவிக்குத் தட்டில் விதை வைத்தார்கள். பல பறவைகள் ஒரே தட்டில் தின்றதால், எச்சில் மூலம் தொண்டை நோய் பரவியது. 2005-க்குப் பிறகு அந்த இனம் மளமளவென்று சரிந்தது. 2021-ல் அதுவும் ஆபத்துப் பட்டியலுக்குப் போயிற்று. தட்டைக் கழுவாமல் தீனி வைப்பதைவிட, வைக்காமலே இருப்பது மேல்.

முள்ளெலிக்குச் செய்த உதவி வேறு மாதிரி. (முள்ளம்பன்றி அல்ல. இது சிறியது. இதன் உறவு ஒன்று நம் தென் மாவட்டங்களின் வறண்ட நிலத்திலும் உண்டு.) இரை தேடி ஓர் இரவில் அது ஒன்றிரண்டு கிலோமீட்டர் நடக்கும். வீட்டுக்கு வீடு வேலி அடைத்தால் எங்கே போகும்? வேலியின் அடியில் 13 சென்டிமீட்டர் அகலமும் 13 சென்டிமீட்டர் உயரமும் உள்ள ஓட்டை விடுங்கள் என்று 2011-ல் ஓர் இயக்கம் தொடங்கினார்கள். செலவு இல்லை. ஆனால் அண்டை வீட்டாரோடு பேச வேண்டும். சிலருக்கு அதுதான் கஷ்டம்! அன்பு மிகுந்து முள்ளெலிக்குப் பால் வைப்பவர்களும் உண்டு. அதன் வயிற்றுக்குப் பால் ஆகாது. தண்ணீர் வைத்தால் போதும்.

தமிழ்நாட்டிலும் 2015 முதல் பொங்கல் நாட்களில் பறவைக் கணக்கு எடுக்கிறார்கள். தோட்டம் இல்லாதவர்கள் மொட்டை மாடியில் நின்று எண்ணுகிறார்கள். பதினைந்து நிமிடம் போதும். அபூர்வப் பறவை வர வேண்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. காக்கையையும் எழுதலாம். கணுப்பிடி வைக்கும் மாட்டுப் பொங்கலும் அந்த நாட்களுக்குள்தான் வருகிறது. அன்று காக்கை தானாகவே வந்து கணக்கில் சேர்ந்துகொள்ளும்.