சீதக்காதியின் கையும் கப்பலும்

செத்தும் கொடுத்த சீதக்காதியை அறியாத தமிழர் இலர். திருவண்ணாமலைத் தேரடியில் நின்று வினவினாலும், கல்லறையினின்று நீண்ட கையையும், அக்கையின் கணையாழியைப் படிக்காசுப் புலவர் பெற்ற கதையையும் சொல்வோர் பலர் கிடைப்பர். அந்தக் கைக்கு அத்துணைப் பொன் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் மட்டும் விடை வருவதில்லை. நம் மாணவரிடத்தும் அவ்விடை இல்லை.

ஷைகு அப்துல் காதிர் என்னும் இயற்பெயர் கொண்ட அப்பெருமகனார், பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கீழக்கரையின் புகழ்மிக்க மரைக்காயர் குடும்பத்தில் வாழ்ந்த கப்பல் வணிகர். சேதுநாட்டுத் துறைகளிலிருந்து துணியும் சங்கும் சென்றன. வங்கத்து அரிசியும் ஈழத்துப் பாக்கும் வந்தன. கிழவன் சேதுபதியின் நம்பிக்கைக்குரியவராய் அரசவையிலும் செல்வாக்குப் பெற்றிருந்தார். முத்துக்குளிப்பையும் சங்குக்குளிப்பையும் தன் பிடிக்குள் கொணர முயன்ற ஒல்லாந்தக் கம்பெனியோ, தன் அனுமதிச் சீட்டின்றி எக்கப்பலும் செல்லலாகாது என்று கடலுக்கே வேலி கட்டியது. பருவக்காற்று ஒருமுறை பொய்த்தாலும் முதல் முழுவதும் அழியக்கூடிய தொழில் அது. அவ்வளவு இடருக்கிடையே ஈட்டிய பொருளன்றோ உமறுப் புலவரைச் சீறாப்புராணம் பாடவைத்தது! காப்பியம் நிறைவுறுமுன் வள்ளல் மறைந்தபோது புலவரை ஆதரித்த அபுல்காசிம் மரைக்காயரும் பரங்கிப்பேட்டை என்னும் துறைமுக ஊரினரே.

ஒல்லாந்தர் ஆவணங்களில் 'பெரியதம்பி' என்னும் பெயர் மீண்டும் மீண்டும் வருகிறது. அவர் சீதக்காதிதானா, அக்குடும்பத்தின் வேறொருவரா, வள்ளல் மறைந்த ஆண்டு எது என்பனவற்றில் ஆய்வாளர் ஒருமித்த கருத்தினர் அல்லர். டேவிட் ஷுல்மனும் சஞ்சய் சுப்ரமணியமும் இப்பொருள் பற்றி விரிவாக ஆராய்ந்து ஆங்கிலத்தில் எழுதினர். அந்த ஆராய்ச்சி தமிழ்த்துறையொன்றில் முதலில் எழுந்திருக்க வேண்டும் என்பது எம் ஆதங்கம். நாம் கணையாழிக் கதையோடு நிறைவடைந்தோம்.

வெள்ளையர் அப்படி இருக்கவில்லை. வில்லியம் மெக்கின்னன் 1856இல் தொடங்கிய கம்பெனியே பின்னர் பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் கம்பெனியாக நம் கடலை ஆண்டது. அதன் வரலாற்றை நூலாக எழுதி வைத்தனர். அதை எதிர்த்து வ.உ.சிதம்பரனார் 1906இல் சுதேசிக் கப்பல் கம்பெனி கண்டபோது, 8,000 பங்குகளை 2 இலட்சம் ரூபாய்க்கு வாங்கினார் ஹாஜி முகம்மது பக்கீர் சேட். பங்கு ஒன்றுக்கு 25 ரூபாய். மொத்த மூலதனமே 10 இலட்சம் ரூபாய்தான். மூலதனத்தில் ஐந்திலொரு பங்கைத் தந்தவரைப் பற்றி நம் மேடைகள் சொல்வது ஒரு வாக்கியம்!

கடலே காணாத அண்ணாமலையார் ஊரினர்க்குக் கப்பல் எதற்கு என்று கேட்கலாம். இவ்வூரில் தோன்றியவராகப் போற்றப்படும் அருணகிரிநாதரின் சந்தம் காயல்பட்டினம் வரை சென்றது. அங்கே காசிம் புலவர் நபிகள் நாயகத்தின் மீது திருப்புகழ் பாடினார். மலையூரின் ஓசையைக் கடலூர் ஏற்றுக்கொண்டபோது, கடலூரின் வரலாற்றை மலையூர் கற்பதற்கு என்ன தடை?

நம் பெரியோர் வணிகத்தில் ஈட்டிக் கல்விக்கு ஈந்தனர். ஈகையைப் பாராட்டும் நாம் ஈட்டலைச் சொல்லக் கூசுகிறோம். அது ஏதோ தாழ்வானதுபோல. இக்கூச்சம் வணிகம் செய்யும் குடும்பத்துப் பிள்ளைகளையும் தம் தந்தையர் தொழில்பற்றி எழுத வெட்கப்பட வைக்கிறது.

ஆதலின், சீறாப்புராணம் பயிலும் வகுப்பிலேயே இப்பணி தொடங்கலாம். மாலுமி, சுக்கான் என்னும் அரபு வழிச் சொற்கள் தமிழ்க் கப்பலில் ஏறிய வரலாறு ஒன்றே ஓர் ஆண்டு ஆய்வுக்குப் போதும். கீழக்கரை, காயல்பட்டினம், பரங்கிப்பேட்டை இல்லங்களில் பழைய கணக்கேடுகளும், அரபுத்தமிழில் எழுதிய கடிதங்களும் எஞ்சியிருப்பின் அவற்றைக் கறையான் தின்னுமுன் படியெடுத்தல் வேண்டும். அரபுத்தமிழ் வாசிக்கத் தெரிந்த முதியோர் நம்மிடையே குறைந்துவருகின்றனர். அவர்கள் அருகில் அமர்ந்து அவ்வெழுத்தைக் கற்க, இவ்விடுமுறையிலேயே நான்கு மாணவர் முன்வந்தாலும் போதும்.